கிங்ஸ்லியில் தொடங்கிய கதை



தவணை விடுமுறையில் மூன்று பழைய படங்கள் பார்த்தேன். 'ரேகாவ', 'சந்தேசய', 'பொன்மணி'. படம் பார்க்கிற பழக்கம் எனக்கு வாப்பாவிடமிருந்து வந்தது. இந்த முறை பார்க்கும்போது ஒரு மாணவனின் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "சேர், சிங்களப் படத்தில நமக்கு என்ன இருக்கு?" வகுப்பில் மணி அடித்துவிட்டது, பதில் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ'. 1947 ஜனவரி 21இல் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிட்டார்கள். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். படமாக்கியது மதுரையில். நாடகமாக எழுதியவர் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன. கதாநாயகி ருக்மணி தேவியின் சொந்தப் பெயர் டெய்சி டேனியல்ஸ். கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பிள்ளை.

அதே வருடம் 'அசோகமாலா' வந்தது. துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய, காதலுக்காக அரசுரிமையை விட்ட கதை. அதற்கு இசையமைத்தவர் மொஹமட் கவுஸ், நம்மவர்கள் சொல்கிற கவுஸ் மாஸ்டர். பின்னாளில் பண்டித் அமரதேவ ஆன அல்பர்ட் பெரேரா என்ற இளைஞர் அந்தப் படத்தில்தான் திரைக்கு அறிமுகமானார். மொஹிதீன் பேக் முதன்முதலில் திரைப்பாடல் பாடியதும் அதில்தான்.

பேக் பிறந்தது சேலத்தில். 1930களில் இங்கே வந்தார். 1991இல் மௌத்தாகும்வரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். வெசாக் காலத்தில் நுகேகொடைச் சந்தியில் ஒலிபெருக்கியில் கேட்கிற பக்திப் பாட்டுகளில் அவர் குரலும் உண்டு. அந்தக் குரல் கேட்டால் பக்கத்து வீட்டு அங்கிள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார். அதில் அவருக்கும் பிரச்சினை இல்லை, பேக்குக்கும் இருக்கவில்லை.

இனி நான் பார்த்த படங்கள். 1956இல் வந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' அடுத்த வருடம் கான் விழாவுக்குப் போனது. ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து கிராமத்திலேயே எடுத்த படம். சேன என்ற சிறுவன் தொட்டதும் கண் தெரியாமல் போன சிறுமிக்குப் பார்வை திரும்புகிறது. ஊர் அவனைத் தலையில் தூக்கி வைக்கிறது. பிறகு ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை இறக்கிறான், மழையும் பொய்க்கிறது. அதே ஊர் அவனைத் துரத்துகிறது. சனம் திரளுகிற அந்த இடத்தில் எனக்கு மேலே பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

காரணம் அடுத்த படம். 1960இல் வந்த 'சந்தேசய'வும் லெஸ்டருடையதுதான். தயாரித்தவர் கே. குணரத்தினம், தமிழர். எத்தனையோ சிங்களப் படங்களுக்குப் பணம் போட்டவர். 1983 ஜூலையில் அவருடைய ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவையும் தியேட்டர்களையும் எரித்தார்கள். சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட்டைக் கொன்றார்கள். அவர்கள் யாருடைய சினிமாவை எரித்தார்கள்? தங்களுடையதைத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தமிழில் 'பொன்மணி' எடுத்தார். சாதியும் சீதனமும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படித் தின்னும் என்பதுதான் கதை. அந்தச் சமூகம் தன் முகத்தைத் தானே பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறார்.

மாணவனுக்கு என் பதில் இதுதான். மகன், சிங்களப் படத்தில் உனக்கு ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. தொடக்கத்திலேயே உன் ஆட்கள் அதில் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டால் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், பிறகு யாராவது வந்து "இது உங்கள் இடமில்லை" என்று சொல்லும்போது நம் பிள்ளைகளிடம் பதில் இருக்காது.

கிங்ஸ்லியிலும் செல்லமஹாலிலும் வெள்ளவத்தை சவோயிலும் அந்தக் காலத்தில் படம் பார்த்த மூத்தவர்கள் நமக்குள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் இன்று அஸருக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். அடுத்த தவணை வகுப்பில் வாசிப்பேன், இன்ஷா அல்லாஹ்.