கேம் பாதியில கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுதா? புது கார்டு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

யூடியூப், சினிமா எல்லாம் ஓகே. கேம் போட்டா மட்டும் கம்ப்யூட்டர் படுத்துடுதா? நார்த்தாமலையில இருந்து சிபியூவைத் தூக்கிக்கிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, அது எப்படி நிக்குதுன்னு கவனிங்க.

கொஞ்ச நேரம் ஓடி நின்னா: சூடு

குன்றுகள் சூழ்ந்த ஊர்ல, கோடையில பாறையோட சேர்ந்து அறையும் தகிக்கும். ஃபேன்ல தூசி அடைச்சா கேட்கவே வேணாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்க. பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினா, பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷால தூசி தட்டுங்க.

சட்டுனு மொத்தமா அணைஞ்சா: பவர்

கிராபிக்ஸ் கார்டு கேட்கிற வாட்ஸை எஸ்எம்பிஎஸ் தருதான்னு லேபிளைப் பாருங்க. ஆனா அதைப் பிரிக்காதீங்க. அணைச்ச பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கேம் மட்டும் மூடிக்கிட்டா: டிரைவர், ரேம், பிராசஸர்

டிரைவரை அப்டேட் பண்ணுங்க. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கில் ரேமைச் சோதிங்க. இன்டெல் 13, 14-ம் தலைமுறை பிராசஸரா? அவற்றில் சிலவற்றுக்கு அதிக வோல்ட்டேஜால் சேதம் வந்தது. 2024-ல் இன்டெல் பயாஸ் மூலம் திருத்தம் தந்தது. வாரன்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. அப்டேட் சேதத்தைத் தடுக்கும்; ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. அதனால பில்லைத் தேடி எடுங்க.

பயாஸ் அப்டேட் நடுவுல கரன்ட் போனா மதர்போர்டே போயிடலாம். யூபிஎஸ் இருந்தா மட்டும் தொடுங்க!