உம்மாவின் ரோல்ஸும் பேராசிரியரின் கோழிக் குச்சியும்



நோன்பு விடுமுறைக்காகப் பாடசாலை மூடுவதற்கு முந்திய வாரம், வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "சேர், கடையில வாங்குற மொறுமொறு கோழித் துண்டு நல்லா இருக்குது. வீட்டுல செஞ்சா மட்டும் ஏன் மேல இருக்கிற மா கழண்டு எண்ணெய்க்குள்ள போகுது?"

வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் உம்மா நோன்பு காலத்தில் ரோல்ஸ், கட்லட் செய்து கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர். இப்போது எல்லாரும் கோழித் துண்டு கேட்கிறார்கள். மா கழன்று போகும் ஒவ்வொரு தாச்சியும் அவருக்கு நட்டம்.

நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். அடுப்படி விடயத்தில் உம்மாமாருக்குப் பாடம் சொல்லும் தகுதி எமக்கில்லை. ஆனாலும் தேடிப் பார்த்தோம். 60 வருடங்களுக்கு முன்னர் ஒரு பேராசிரியர் இதே கேள்வியோடு ஆய்வுகூடத்தில் நின்றிருக்கிறார். அந்தக் கதையைத்தான் இன்று பகிர்கிறோம்.

கோழியைப் பொரிப்பது புதிய விடயமல்ல. 1226இல் பக்தாதில் முஹம்மத் பின் அல்ஹஸன் அல்பக்தாதி தொகுத்த சமையல் நூலில் பொரித்த உணவுகளுக்கும் இடமுண்டு. ஆனால் இன்று உலகமெங்கும் விற்கும் மா பூசிய பொரித்த கோழி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளர்ந்தது. 1824இல் மேரி ரண்டோல்ப் வெளியிட்ட வேர்ஜினியா சமையல் நூலில், கோழியைத் துண்டாக்கி, மாவில் புரட்டி, கொழுப்பில் பொரிக்கும் முறை இருக்கிறது. அவர் சொன்னது பன்றிக் கொழுப்பு. ஆகவே அவர்களின் குறிப்பை அப்படியே எடுப்பது ஒருநாளும் எமக்குச் சரிவராது.

அந்த வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, அவர்களில் பல பெண்களுக்குக் கைவசம் இருந்த முதல் அந்தச் சமையல்தான். வேர்ஜினியாவில் கோர்டன்ஸ்வில் என்றொரு ரயில் சந்தி இருக்கிறது. அங்கே ரயில் நின்றதும், பொரித்த கோழி நிறைந்த தட்டைத் தலையில் சுமந்து வந்து, ஜன்னல் வழியாகப் பயணிகளுக்கு விற்றார்கள் அந்தப் பெண்கள். அந்தச் சம்பாத்தியத்தில் பிள்ளைகளை வளர்த்தார்கள். சொந்த வீடு கட்டியவர்களும் உண்டு. இதை வாசித்தபோது, அஸருக்குப் பிறகு சோட் ஈட்ஸ் பெட்டியோடு கடைக்கு நடக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் கோழி இன்றுபோல் மலிவானதல்ல. எங்கள் சிறு வயதிலும் அப்படித்தானே? பெருநாளுக்கு, மருமகன் வந்தால், விருந்தாளி வந்தால்தான் முற்றத்துக் கோழிக்கு ஆபத்து. முட்டையிடும் கோழியை யாரும் இலேசில் அறுக்க மாட்டார்கள். இந்த நிலையை மாற்றியது ஒரு தவறு. 1923இல் டெலவெயார் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுகளுக்கு ஓடர் கொடுத்தார். வந்து சேர்ந்ததோ 500. திருப்பி அனுப்பாமல், இறைச்சிக்காகவே வளர்த்து விற்று இலாபம் கண்டார். 1926இல் 10,000 கோழிகள் கொள்ளும் கூடு கட்டினார். புரொயிலர் தொழில் அங்கே தொடங்கி வளர்ந்தது.

கோழி பெருகியதும் புதிய பிரச்சினை வந்தது. முழுக்கோழியை வாங்கி, வெட்டி, சமைக்க வீட்டாருக்கு நேரமில்லை. பண்ணையாளரிடம் கோழி தேங்கியது. நியூயோர்க் மாநிலத்தின் கோர்னல் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் பேக்கர் என்ற பேராசிரியர் இதற்கு வழி தேடினார். கோழி இறைச்சியை அரைத்து, சிறு துண்டுகளாக்கி, மேலே பூச்சுப் போட்டு, பொரிக்கத் தயாராக விற்கலாம் என்பது அவரது எண்ணம்.

இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. ஒன்று, தோல் இல்லாமல் அரைத்த இறைச்சி உதிர்ந்துவிடும். மற்றது, எங்கள் மாணவி கேட்ட அதே விடயம்: உறைய வைத்து எண்ணெயில் போட்டால் பூச்சு கழன்றுவிடும்.

முதலாவதற்கு, இறைச்சியை உப்பும் வினாகிரியும் சேர்த்து அரைத்தார்கள். உப்பு இறைச்சியின் புரதத்தை வெளியே இழுக்கும்; அது பசைபோல ஒட்டும். அதோடு பால்மாவும் அரைத்த தானியமும் சேர்த்தார்கள். இரண்டாவதற்கு, துண்டுகளை முதலில் உறைய வைத்து, முட்டைக் கலவை பூசி, நொறுக்கிய கோர்ன் பிளேக்ஸில் புரட்டி, மறுபடி உறைய வைத்தார்கள். பூச்சு பிடித்துக்கொண்டது. 1963இல் 'கோழிக் குச்சி' என்ற பெயரில் செய்முறை வெளியானது.

பேக்கர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. விரும்பிய எவரும் செய்யலாம் என்று செய்முறை அச்சாகிப் பரவியது. 1977இல் சிவப்பு இறைச்சியைக் குறைக்கும்படி அமெரிக்க செனட் குழுவொன்று ஆலோசனை சொன்னது. கோழிக்கு இன்னும் கிராக்கி ஏறியது. 1983இல் மக்டொனால்ட்ஸ் தனது கோழித் துண்டை அமெரிக்கா முழுவதும் விற்கத் தொடங்கியது. 1995இல் கே.எப்.சி. இலங்கைக்கு வந்தது. பிறகு எங்கள் ஊர்க் கடைகளிலும் அதே மாதிரி விளம்பரப் பலகைகள்.

ஆக, ஒரு வாத்தியார் உலகத்துக்குச் சும்மா கொடுத்த அறிவை இன்று நாம் பெட்டி பெட்டியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். கடையில் வாங்குவது தவறென்று சொல்ல வரவில்லை. வீட்டில் முடியாது என்று நினைப்பதுதான் பிழை. ஏனென்றால் பேக்கர் கண்ட வழியில் பாதி எங்கள் உம்மாமாருக்கு ஏற்கனவே தெரியும். ரோல்ஸை மாக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டி வைப்பது எதற்கு? கட்லட்டுக்கு அவித்த உருளைக்கிழங்கைப் பிசைந்து சேர்ப்பது எதற்கு? ஒன்று பூச்சுப் பிடிக்க, மற்றது உதிராமல் இருக்க. பெயர்தான் வேறு.

இனி, மாணவியின் கேள்விக்குப் பதில். மா கழல்வதற்குக் காரணம் ஈரம். இறைச்சியின் மேலுள்ள தண்ணீர் சூட்டில் ஆவியாகி மாவை வெளியே தள்ளுகிறது. அதனால்:

எலும்பில்லாத கோழி அரைக் கிலோவை ஓரங்குலத் துண்டுகளாக்கி, சுத்தமான துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், கொச்சிக்காய்த்தூள், அரைத்த இஞ்சி, உள்ளி, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்துப் பிரட்டி அரை மணித்தியாலம் வையுங்கள்.

பிறகு மூன்று தட்டு. முதலாவதில் கோதுமை மாவோடு கொஞ்சம் சோளமா. இது மிச்ச ஈரத்தை உறிஞ்சும். இரண்டாவதில் அடித்த முட்டை. சூட்டில் இறுகி ஒட்டும். மூன்றாவதில் ரஸ்க் தூள். இந்த ஒழுங்கிலேயே புரட்டுங்கள். உடனே பொரிக்க வேண்டாம். 20 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பலர் விடும் படி இதுதான். அவசரப்பட்டால்தான் மா கழலும்.

எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டால், ரஸ்க் தூள் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வரும், ஆனால் கருகாது. தாச்சி நிறையப் போடாதீர்கள்; சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும். நாலைந்து நிமிடத்தில் பொன்னிறமாகும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது. எடுத்ததும் மூடி வைக்காதீர்கள். ஆவி உள்ளே நின்றால் மொறுமொறுப்புப் போய்விடும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மாணவியிடம் கொடுத்துவிட்டோம். நோன்பு மூன்றாம் நாள், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னர், அவரது தம்பி ஒரு டப்பாவோடு வாசலில் நின்றான். திறந்தால் கோழித் துண்டுகள். ஒன்றிலும் மா கழன்றிருக்கவில்லை.

"உம்மா சொல்லச் சொன்னா, இது ரோல்ஸுக்குச் செய்யிற மாதிரித்தானே சேர், இதுக்கு ஏன் ஒரு பக்கம் எழுதினீங்க எண்டு."

மறுபடியும் சிரித்தோம். அவர் சொன்னது சரிதான்.

பேக்கரின் பெயர் அச்சில் இருக்கிறது. கோர்டன்ஸ்வில் பெண்களின் கதையும் பிற்காலத்தில் எழுதப்பட்டது. எங்கள் ஊரில் நாற்பது, ஐம்பது வருடமாக ரோல்ஸ் சுற்றும் கைகளின் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? உங்கள் வீட்டில் அப்படி ஓர் உம்மா, மூத்தும்மா, சாச்சி இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். "கை அளவுதான்" என்பார்கள். அந்தக் கை அளவைக் கரண்டியால் அளந்து எழுதுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆளிருக்காது.