எழுத்தா, கல்லா? கல்வெட்டுப் படங்களும் லென்ஸ் தேர்வும்

1865ஆம் ஆண்டில் மேஜர் டிக்சன் என்னும் படை அதிகாரி, மைசூர் நாட்டின் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரசுக்காக ஏறத்தாழ 150 ஒளிப்படங்களாக எடுத்தார். அந்நாளில் ஆணையராக இருந்தவர் லூயின் பௌரிங். ஆட்சித் தலைமையிடம் பெங்களூர். அப்படங்களைப் படித்துப் பொருள்கொள்ளும் பணி, அவ்வூரிலேயே பிறந்த பி. லூயிஸ் ரைஸிடம் பின்னர் ஒப்படைக்கப்பட்டது. அதன் விளைவாக 1879இல் 'மைசூர் இன்ஸ்கிரிப்ஷன்ஸ்' வெளிவந்தது. கர்நாடகக் கல்வெட்டியலின் முதல் பெருநூல்களுள் ஒன்று கல்லைத் தொட்டு எழுந்ததன்று, படத்தைப் பார்த்து எழுந்தது என்பது பெரும்பாலும் நினைவுகூரப்படுவதில்லை.

1886இல் தொடங்கிய 'எபிகிராபியா கர்நாடிகா' வேறு வழியில் சென்றது. பன்னிரண்டு தொகுதிகள், ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகள். இவற்றுக்கு ஆதாரம் நேரில் எடுத்த படிகள். ஒளிப்படம் பின்தங்கியதன் காரணங்களுள் ஒன்றை எளிய கணக்கே காட்டும். இரண்டு மீட்டர் உயரக் கல்லை 25 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டில் முழுமையாக அடக்கினால், மூன்று சென்டிமீட்டர் எழுத்து நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். பொரிந்த கருங்கல்லில் அது எழுத்தா, கல்லின் குழியா என்று சொல்வது கடினம். மைப்படியிலோ எழுத்து தன் இயல்பான அளவிலேயே பதியும். மேக்ரோ லென்ஸின் பெருமையாக இன்று விளம்பரப்படுத்தப்படும் 'ஒன்றுக்கு ஒன்று' என்ற விகிதத்தை, ஈரத்தாளும் தூரிகையும் மையும் வெகு முன்பே எட்டிவிட்டன.

லென்ஸின் வரலாறும் இதையொட்டியே நகர்ந்தது. 1840இல் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸ் மிகுந்த ஒளியை உள்ளே விட்டது. ஆனால் அதன் குவிதளம் வளைந்தது. முகத்துக்கு அது குறையன்று. தட்டையான கல்லுக்குக் குறை. நடுவரி தெளிந்தால் ஓரவரி மங்கும். டிக்சன் படமெடுத்ததற்கு மறு ஆண்டு, 1866இல், டால்மெயரும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே உருவாக்கிய சமச்சீர் லென்ஸ்கள் கோடுகளை வளைக்காமல் பதித்தன. சிறுபிலிம் கேமராவுக்கெனத் தனி மேக்ரோ லென்ஸ் வர 1955 ஆயிற்று. ஹைன்ஸ் கில்ஃபிட்டின் 'மேக்ரோ கிலார்' அது. அடுத்த ஆண்டு ஜப்பானில் வந்த 'மைக்ரோ நிக்கோர்' மொழியியலாருக்கு இன்னும் நெருக்கமானது. நூல்களை மைக்ரோபிலிமில் பதிக்க, ரோமன் எழுத்துக்குப் போதுமான நுணுக்கம் நெருக்கமான கோடுகள் கொண்ட காஞ்சி எழுத்துக்குப் போதவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கோஅனாவின் தூண்டுதலால் வாகிமோட்டோ அந்த லென்ஸை வடிவமைத்தார். ஓர் எழுத்துமுறையின் தேவைக்காகவே பிறந்த லென்ஸ் அது.

ஆனால் கல்லெழுத்தின் தேவை வேறு. வழக்கமான 50 மி.மீ. பிரைம் லென்ஸ் ஏறத்தாழ 45 செ.மீ. வரை நெருங்கும், முழுச்சட்டக் கேமராவில் அப்போது சட்டத்துள் அடங்கும் அகலம் ஏறக்குறைய 24 செ.மீ. கிடையாக 6,000 படப்புள்ளிகள் கொண்ட கேமராவில் மில்லிமீட்டருக்கு 25 புள்ளிகள் கிடைக்கும், ஐந்து செ.மீ. எழுத்துக்கு 1,250. கல்வெட்டைப் படிக்க இது தாராளம். மேக்ரோவின் முழு அளவில் சட்டத்துள் அடங்குவது 36 மி.மீ. மட்டுமே, அந்த எழுத்தே முழுதாக உள்ளே நிற்காது. துளை எஃப் 8 என்று வைத்தாலும் தெளிவின் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கல்லின் முகம் தெளிந்தால் வெட்டின் அடி மங்கிவிடும்.

தமிழ்க் கல்வெட்டில் இதன் விளைவு பெரிது. பெங்களூர்த் தொம்மலூரின் சொக்கநாதசுவாமி கோயிலில் போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூர் அவற்றில் 'தேசிமாணிக்கப் பட்டணம்' என்றும் வழங்கப்படுகிறது. இத்தகைய கல்வெட்டுகளில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். இவ்வையங்களை எவ்வளவு நெருங்கினாலும் லென்ஸ் தீர்க்காது. முன்பின் சொல்லும் வரியமைப்புமே தீர்க்கும். அதற்குக் கல் முழுவதும் வேண்டும். உருப்பெருக்கத்தைவிடப் பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியே இங்கு உதவும்.

ஆகவே கல்லுக்குப் பிரைம். செப்பேட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் மேக்ரோ. சில மில்லிமீட்டர் ஓலையெழுத்தை அரை அளவில், ஓரம் மங்காமல் பதிக்க அதன் சமதளக் குவிவு இன்றியமையாதது. ஒன்றே வாங்க வசதியுள்ள ஆய்வு மாணவர், 50 அல்லது 60 மி.மீ. மேக்ரோவை வாங்குவது தகும். அது தொலைவிலும் பிரைமின் வேலையைச் செய்யும். ஒளித்துளை சற்றுச் சிறிதாயிருப்பது முக்காலியில் வைத்து எடுப்பவருக்கு இழப்பன்று. எனினும் முதல் படம் கல் முழுவதையும் காட்ட வேண்டும்.

இவ்வரிசையை வலியுறுத்தக் காரணம் உண்டு. பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் பதிவான கற்கள் பல, ஊர் நகரமான வேகத்தில் இருந்த இடத்தில் இல்லை. படமும் மைப்படியும் எஞ்சாத கல்லுக்கு அச்சான வாசகமே சாட்சி. அதிலுள்ள ஓர் எழுத்தை ஐயுற்றால் சென்று பார்க்க எதுவுமில்லை. 1909இல் தோன்றிய மித்திக் சொசைட்டி, எஞ்சியவற்றை முப்பரிமாண வருடியால் பதிவுசெய்து வருகிறது. கணினித் திரையில் ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் படிக்கக்கூடிய அப்பதிவில் எழுத்தும் கல்லும் பிரிவதில்லை.

வருடி எல்லா மாணவர் கைக்கும் எட்டாது, கேமரா எட்டும். பேகூர் நாகநாதேசுவரர் கோயிலில், சுமார் 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டில் 'பெங்களூரு' என்ற பெயர் வருகிறது. அச்சொல்லை மட்டும் நெருங்கி எடுத்தால் நகரின் தொன்மைக்குச் சான்று கிடைக்கும். சற்றுப் பின்வாங்கினால்தான், நாகத்தரனைச் சார்ந்த புட்டண செட்டி பெங்களூருப் போரில் இறந்தான் என்ற முழு வாக்கியமும் சட்டத்துக்குள் வரும்.