ஆதிச்சநல்லூர் எலும்புகளும் நாளேட்டுச் செய்திகளும்

கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் 2025-இல் முகவடிவங்களை மீட்டுருவாக்கின. பழந்தமிழரின் முகமாகவே அவை செய்திகளில் உலாவின. தோலின் நிறத்தை எலும்பு கூறாது. அஃது ஆய்வாளர் தெரிவு செய்வது. தலைப்புச் செய்திகளில் இவ்வேறுபாடு இடம்பெறுவது அரிது.

இவ்வகை ஆர்வம் புதிதன்று. தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை 1876-இல் அகழ்ந்த ஜெர்மானியரான யாகோர், மட்கலங்கள், இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு மண்டையோடுகளையும் எலும்புகளையும் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் 1905 வரை அங்கு அகழ்ந்தவர் அலெக்சாண்டர் ரீ. அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிய சக்கர்மனின் ஆய்வினைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. மண்டையின் நீள அகலத்தை அளந்து, ஆதி ஆஸ்திரலாயிடு, மத்தியத்தரைக்கடல் இனம் எனப் பெயரிடுவதே அக்கால மானிடவியலின் வழக்கம். அவ்வினப்பாகுபாட்டை இன்றைய மரபணுவியல் ஏற்பதில்லை. ஆயினும் 2004-இல் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபின், அவர்கள் எவ்வினத்தார் என்ற பழைய வினாவே செய்திகளில் மீண்டும் தலைதூக்கியது. பெர்லினுக்குச் சென்ற மண்டையோடுகள் என்னவாயின என்று கேட்டவர் மிகச் சிலரே.

ஜப்பானின் ஐனு மக்கள் இவ்வினாவை விடவில்லை. 1879-இல் ஜெர்மானியப் பயணி ஒருவர் சப்போரோவில் ஐனு கல்லறை ஒன்றிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த மண்டையோடும் இதே பெர்லினுக்குத்தான் சென்றது. பெர்லின் மானிடவியல் கழகம் 2017-இல் அதனைத் திருப்பியளித்தது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐனு எச்சங்கள் ஆய்வுக்கென வைக்கப்பட்டிருந்தன. வழக்குத் தொடுத்தே உராகாவா மக்கள் 2016-இல் சிலவற்றை மீட்டு அடக்கம் செய்தனர். எடின்பரோ பல்கலைக்கழகம் 2019-இல் ஒன்பது மண்டையோடுகளை இலங்கை வேடர் தலைவரிடம் ஒப்படைத்தது. இந்நிகழ்வுகளில் செய்தியின் மையம் இனமன்று, உரிமை.

ஆதிச்சநல்லூர்த் தாழியில் உறங்கியோருக்கு இன்னார் வழித்தோன்றல் எனச் சான்று காட்ட இயலாது என்பர். உண்மையே, மூவாயிரம் ஆண்டு இடைவெளி அத்தகையது. ஆனால் பாசிர் பெனம்பாங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவருக்கு இவ்வாதம் முழு நிறைவு தராது. தோட்டம் கைமாறி இடுகாட்டை அகற்ற நேரின், பெயர்ப்பலகை அழிந்த குழியாயினும் அது யாருடையது, எங்கே கொண்டு செல்வர் என்றே முதலில் கேட்போம். மண்டையின் அளவை எவரும் கேட்பதில்லை.