உண்ணிக்கொம்பு முக்காலியாகும் வழி

ஜவ்வாது மலையில் ஆரஞ்சும் மஞ்சளும் ரோஜா நிறமும் ஒரே கொத்தில் பூத்து நிற்கும் உண்ணிச்செடியைக் காட்டி, இது அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் சின்னப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அவ்வளவு ஊரோடு ஊறிப்போன செடி அது. மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும்தான் அதற்குப் பிறந்த வீடு. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அழகுக்காக அதை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனார்கள். அங்கே தோட்டக்காரர்கள் பல நிறங்களில் கலப்பினம் உண்டாக்கினார்கள். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு அதைச் சுமக்க ஆள் தேவைப்படவில்லை. கறுத்துப் பழுத்த பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, எச்சமிட்ட இடமெல்லாம் முளைத்தது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வெயில் பட்டால் தோல் வெடிக்கும். அதனால் கால்நடைகள் பெரும்பாலும் அதில் வாய் வைப்பதில்லை. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் உண்ணி புகுந்துவிட்டது என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ஜவ்வாதுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. இது சந்தன மலை; சந்தனம் தீ தாங்காத மரம். கோடையில் காய்ந்து கிடக்கும் உண்ணிப் புதரில் பொறி விழுந்தால் தரையில் ஓடும் தீ மேலே ஏறிவிடும்.

உண்ணிக்கொம்பை மரச்சாமானாக்கும் வேலை இங்கே தொடங்கியதல்ல. தமிழக எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலையில், ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் துணையோடு, சோளகர் பழங்குடியினர் 2000களில் உண்ணியில் நாற்காலியும் சோபாவும் செய்யத் தொடங்கினார்கள். பிரம்பு செய்த வேலையை உண்ணி செய்தது, விலையோ சொற்பம். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் அதே கொம்புகளைக் கொண்டு ஆள் உயரத்துக்கும் மேலான யானைகளைக் கட்டினார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்கா போய், நியூபோர்ட்டிலும் நியூயார்க்கிலும் வரிசையாக நின்றன. அமெரிக்கக் கண்டத்துச் செடி நம் பழங்குடிகளின் கையால் யானையாகி, புறப்பட்ட கண்டத்துக்கே திரும்பிப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

வீட்டில் செய்ய யானை வேண்டாம், முக்காலி போதும். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1933இல் வடிவமைத்த முக்காலியை எனக்கு மிகவும் பிடிக்கும். வட்டமான பலகை, வளைத்த மூன்று கால்கள், வேறொன்றும் இல்லை. வெளிநாட்டுத் தேக்கைத் தேடாமல், தன் நாட்டில் காடுகாடாக நின்ற பிர்ச் மரத்தையே எடுத்தார். வளைக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கீறல்களாக அறுத்து, அவற்றில் பசை தடவிய தகடுகளைச் செருகி வளைத்தார். ஸ்காண்டிநேவியப் பாணி என்று நகரத்துக் கடைகளில் விற்கும் வழவழப்பை அல்ல, பக்கத்தில் மிகுந்து கிடப்பதை எடுத்துச் செய்த அந்தப் புத்தியைத்தான் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உண்ணியை வளைக்கக் கீறலும் பசையும் வேண்டாம், வெந்நீர் போதும். பெருவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை நேரான கொம்புகளாகப் பார்த்து வெட்ட வேண்டும். பழைய தார் டிரம்மைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, சில மணி நேரம் வேகவிட வேண்டும். சூட்டோடு எடுத்தால் பட்டை கையோடு உரிந்து வரும், உள்ளே வெளிர் மஞ்சள் கொம்பு. இருக்கைக்கான கொம்பை ஆறுவதற்குள் வளையமாக வளைத்து, இரு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, கயிற்றால் இறுக்கிக் காயவிட வேண்டும். கால் மூன்றே என்பதால் மண் தரையின் மேடு பள்ளத்திலும் முக்காலி ஆடாது; கால்களைக் கீழே சற்று அகலவிட்டு நிறுத்தினால் எளிதில் சாயவும் சாயாது. கால்களை இணைக்கும் குறுக்குக் குச்சி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். காலில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கட்டும். கால் காயக் காய, குச்சியைச் செருகிய துளை சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். ஆணி அடிக்கும் இடத்தில் முதலில் டிரில் போடாவிட்டால் கொம்பு பிளந்துவிடும். மேலே வளையத்தின் குறுக்கே மெல்லிய குச்சிகளை நெருக்கமாக அடித்து, உப்புத்தாள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் வேலை முடிந்தது. கரையானும் எளிதில் அண்டாது.

ஜவ்வாது மலைக்காரர்களின் கைத்திறன் வேறொரு மரத்துக்காகவும் விலைபேசப்பட்டது. சீனாவில் பணக்கார வீட்டு மரச்சாமானாகும் செம்மரத்தை வெட்ட, தரகர்கள் இங்கிருந்து ஆள் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலை ஆட்களும் உண்டு. உயிரை வைத்து வெட்ட வேண்டிய மரம் ஒருபுறம், வெட்டினால் காடு மூச்சுவிடும் கொம்பு மறுபுறம். ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூரில் ஒரு கொதிதொட்டியும் நாலு டிரில்லும், சாமையும் தேனும் போலச் சந்தைக்குப் போக ஒரு வழியும் அமைந்தால், அந்தக் கைகளுக்கு மலையிலேயே வேலை இருக்கும்.

பட்டா நிலத்து உண்ணியில் தொடங்கலாம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியோடுதான் கை வைக்க வேண்டும். எங்கே வெட்டினாலும் காய் பிடிக்கும் முன்பே வெட்டி, தூரையும் பெயர்த்துவிட வேண்டும். தரையோடு அரிந்து விட்டுவிட்டால், அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துக் கிளை துளிர்க்கும்.