பனிச்சாலையில் பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் கார்

எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் அனுப்பும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பனி படிந்த சாலையில் ஓட்டுவது வட ஐரோப்பா, ஆல்ப்ஸ் மலைநாடுகள், கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், வட ஜப்பான் ஆகிய பகுதிகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழும் நடைமுறைச் சிக்கல். மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே 911இன் பின்சக்கர இயக்க வகைகள், டொயோட்டா 86, ஃபோர்டு மஸ்டாங் போன்றவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. முதல் பனி விழுந்ததும் இவற்றை உறை போட்டு மூடி வைத்துவிடுவோர் உண்டு. ஆண்டு முழுவதும் ஓட்டுவோரும் உண்டு.

பின்சக்கர இயக்கம் பனிக்கு ஆகாது என்பது பரவலான கருத்து. அதில் பாதிதான் உண்மை. 1974 முதல் 1993 வரை தயாரான வால்வோ 240 பின்சக்கர இயக்கக் கார்தான். ஸ்வீடனில் எண்ணற்ற குடும்பங்கள் அதிலேயே குளிர்காலங்களைக் கழித்தன. ஸ்போர்ட்ஸ் காரைப் பனியில் தடுமாற வைப்பவை முதன்மையாக அதன் அகன்ற கோடை டயர்களும், தாழ்ந்த அடிப்பாகமும், மிதித்ததும் பாயும் விசையும்தான். விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்ற கேள்வி இவற்றுக்கு அடுத்தபடியே வரும்.

பிடிப்பின் கணக்கு

டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.8. இறுகிய பனியில் அது 0.2 அளவுக்கும், வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழாகவும் இறங்கிவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் பிரேக் பிடித்த பிறகு நிற்க எடுக்கும் தொலைவு இந்த மூன்று நிலைகளிலும் முறையே சுமார் 12, 49, 98 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. உலர்ந்த சாலையில் 70 கி.மீ. வேகம் வரை தாங்கும் 50 மீட்டர் ஆர வளைவு ஒன்று, இறுகிய பனியில் சுமார் 35 கி.மீ. வேகத்திலேயே காரை வெளியே தள்ளிவிடும். இந்த எண்கள் எல்லா வகைக் கார்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. நான்கு சக்கர இயக்கம் கிளம்புவதற்கும் மேடேறுவதற்கும் உதவும், நிற்பதற்கு உதவாது.

குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்று நினைப்பது தவறு. −20 டிகிரிப் பனிக்கட்டியைவிட, 0 டிகிரியை ஒட்டி மேற்பரப்பில் நீர் கசியும் பனிக்கட்டியில்தான் பிடிப்பு மிகக் குறைவு. பாலங்களின் மேற்பரப்பு மேலும் கீழும் காற்று படுவதால் மற்ற சாலைக்கு முன்பே உறைந்துவிடும். போக்குவரத்து விளக்குகளின் அடியில் வேறொரு ஆபத்து உண்டு. நூற்றுக்கணக்கான கார்கள் நின்று, சக்கரம் சுழன்று, கிளம்பிப் போன இடம் அது. பனி அங்கே மெருகேறிப் பளபளக்கும்.

டயருக்கு உள்ள பிடிப்பு ஒரே சம்பளத்தைப் போன்றது. முடுக்கத்துக்கோ பிரேக்குக்கோ செலவழித்தது போக மிஞ்சுவதுதான் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்கக் கிடைக்கும். பின்சக்கர இயக்கத்தில் திருப்பும் வேலை முன்சக்கரங்களுக்கு, தள்ளும் வேலை பின்சக்கரங்களுக்கு. உலர்ந்த சாலையில் இந்த வேலைப் பங்கீடுதான் ஸ்போர்ட்ஸ் காரின் இனிமை. பனியிலோ, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சற்று அதிகமாக அழுத்தினாலே பின்சக்கரங்களின் பிடிப்பு முழுவதும் தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். காரின் பின்பகுதி வளைவின் வெளிப்பக்கம் வீசிக்கொண்டு போகும்.

டயர்

இந்தப் பொருளில் வேறெதையும்விட முக்கியமானது டயரே. கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. பந்தயத் தரத்துக்கு நெருங்கிய சில கோடை டயர்கள் கடுங்குளிரில் வெடிப்பு விடக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கின்றனர். குளிர்கால டயரின் ரப்பரில் சிலிக்கா அதிகம். குளிரிலும் அது நெகிழ்ந்தே இருக்கும். டயரின் ஒவ்வொரு பட்டனிலும் மயிரிழை போன்ற நுண்கீறல்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து, அவற்றின் கூரிய விளிம்புகள் பனியைக் கவ்வும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் தாயகம் பின்லாந்து. இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடி நிறுவனம் 1934இல் லாரிகளுக்கான முதல் குளிர்கால டயரை வெளியிட்டது. 1936இல் கார்களுக்கான ஹக்கப்பெலீத்தா வந்தது. அந்தப் பெயர் இன்றும் சந்தையில் இருக்கிறது. ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி பெருந்தொல்லையானதால் ஜப்பான் 1990இல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. பிரிட்ஜ்ஸ்டோன் 1988இல் அறிமுகம் செய்த பிலிசாக், ஆணியில்லாமலேயே பனிக்கட்டியைப் பிடிக்கும் நுண்துளை ரப்பரால் அந்த இடத்தை நிரப்பியது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது டயரின் பக்கச்சுவரில் உள்ள மூன்று சிகர மலையும் பனித்துகளும் கொண்ட முத்திரையை. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அது கிடைக்கும். எம்+எஸ் என்ற எழுத்துகளுக்கு அத்தகைய சோதனை கட்டாயமில்லை.

விசை போவது பின்சக்கரங்களுக்குத்தானே என்று அவற்றுக்கு மட்டும் குளிர்கால டயர் மாட்டுவது விபரீதம். கார் கிளம்பிவிடும், திரும்பாது, நிற்காது. நான்கையும் மாற்றவேண்டும். அகலத்தைக் குறைப்பதும் நல்லது. குறுகிய டயர் தளர்ந்த பனியை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். அகன்றது மேலே ஏறி மிதக்கும். அதனால்தான் பலர் ஒரு அங்குலம் சிறிய ரிம்மில் குறுகிய, உயரமான பக்கச்சுவர் கொண்ட டயரைத் தனி செட்டாக வைத்துக்கொள்கிறார்கள். சிறிய ரிம் பிரேக் காலிப்பரில் முட்டாமல் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது

1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5இல் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது. எடை குறைவு, விசையும் மிதம். இவை பனியில் அதற்கு அனுகூலம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2.3 மீட்டரே இருப்பதால், பின்பகுதி வழுக்கத் தொடங்கினால் மிக விரைவாகச் சுழன்றுவிடும் என்பது பிரதிகூலம்.

போர்ஷே 911இல் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் சுமார் 60 விழுக்காடு பின்சக்கரங்களின் மேல். ஆகவே பனி மேட்டில் பல முன்சக்கர இயக்கக் கார்கள் திணறும் இடத்திலும் 911 ஏறிவிடும். வளைவில் நுழையும்போதோ இலேசான அதன் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். மெல்ல பிரேக் பிடித்து எடையை முன்னே சாய்த்துத் திருப்பவேண்டும். திருப்பிய பின் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்னாலுள்ள கனம் வெளியே வீசும்.

சாதாரண டிஃபரன்ஷியல் இரு பின்சக்கரங்களுக்கும் சம அளவு திருப்புவிசையே தரும்; ஒன்று பனிக்கட்டியின் மேல் இருந்தால் மற்றதும் வலுவிழக்கும். வழுக்கல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இருந்தால் கிளம்புவது எளிது. ஆனால் அதில் இரு சக்கரங்களும் ஒருசேரச் சுழன்று, கார் பக்கவாட்டில் நழுவும் வாய்ப்பு கூடும். டிக்கியில் மணல் மூட்டை வைக்கும் பழைய வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர்கள் மூட்டையைப் பின் அச்சுக்கு இயன்றவரை அருகில், நகராதபடி கட்டிவைக்க வேண்டும். பம்பர் ஓரத்தில் வைத்த எடை சுழற்சியைத்தான் வலுப்படுத்தும்.

ஓட்டும் முறை

கிளம்பும்போது இரண்டாம் கியர், மெதுவாக விடும் கிளட்ச், ஆக்சிலரேட்டரில் பட்டும் படாத அழுத்தம். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுக்கவேண்டும். சுழலும் டயர் பனியை உருக்கி, அடியில் பனிக்கட்டிக் குழி தோண்டிவிடும். சிக்கிக்கொண்டால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டி வெளியேறலாம். அந்த நேரத்துக்கு மட்டும் இழுவைக் கட்டுப்பாட்டை அணைப்பது உதவும். வெளியே வந்ததும் மறக்காமல் மீண்டும் இயக்கவேண்டும்.

ஓடும்போது கியர் குறைப்பதில் தனிக் கவனம் தேவை. பின்சக்கர இயக்கத்தில் எஞ்சின் தடுப்பும் பின்சக்கரங்களின் மேல்தான் விழுகிறது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக் கிளட்சைப் பட்டென்று விட்டால், ஹேண்ட் பிரேக்கை இழுத்ததற்கு ஒப்பான விளைவு. ஆக்சிலரேட்டரைச் சிறிது தட்டி எஞ்சின் சுழற்சியை உயர்த்தி, பிறகு கிளட்சை விடவேண்டும்.

பின்பகுதி வலப்பக்கம் வீசினால் ஸ்டியரிங்கையும் வலப்பக்கமே திருப்பவேண்டும். கண் மரத்தையோ பள்ளத்தையோ பார்க்காமல் போகவேண்டிய வழியைப் பார்க்கவேண்டும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாக எடுக்கவேண்டும். பலரும் இதுவரை சரியாகவே செய்துவிடுகிறார்கள். அடுத்த நொடியில்தான் தவறு நேர்கிறது. பின்சக்கரங்கள் பிடிப்பை மீட்டதும், இன்னும் திரும்பியே இருக்கும் முன்சக்கரங்கள் காரை எதிர்ப்பக்கம் வெட்டி இழுக்கும். அந்த இரண்டாவது வீச்சு முதலாவதைவிட வன்மையானது. கார் நேராகத் தொடங்கும் தருணத்திலேயே ஸ்டியரிங்கையும் நேராக்கிக்கொண்டு வரவேண்டும்.

1995இல் மெர்சிடீஸ்-பென்ஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் துணையோடு அறிமுகமான மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இதே வேலையைச் செய்கிறது: பின்பகுதி வீசும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் தனியே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும். அதனால் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பியிருக்கின்றன. இல்லாத பிடிப்பை உண்டாக்க அதனாலும் இயலாது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஓட்டுநர் உரிமம் பெறுபவர்கள் வழுக்குத் தளத்தில் பயிற்சி பெறுவது கட்டாயம். பனி விழும் எல்லா நாடுகளும் இதைப் பின்பற்றவேண்டும். வீச்சை முதன்முதலாக உணரும் இடம் பொதுச்சாலையாக இருக்கக் கூடாது.

போட்டிகளில்

பின்சக்கர இயக்கத்துக்குப் பனியில் பெருமைமிக்க வரலாறு உண்டு. மான்டே கார்லோ ராலியில் 1968இல் விக் எல்ஃபோர்டும், 1969, 1970இல் பியார்ன் வால்டெகார்டும் போர்ஷே 911இல் வென்றனர். 1975 முதல் 1977 வரை மூன்று ஆண்டும் லான்சியா ஸ்ட்ராட்டோஸில் சாண்ட்ரோ முனாரி வென்றார். 1981இல் ஸ்வீடன் ராலியை ஹன்னு மிக்கோலா ஆடி குவாட்ரோவில் வென்றபோது நான்கு சக்கர இயக்கத்தின் காலம் பிறந்துவிட்டது. அதன் பிறகும் வால்டர் ரோல் 1982இல் ஓப்பல் அஸ்கோனா 400, 1983இல் லான்சியா 037 ஆகிய பின்சக்கர இயக்கக் கார்களில் மான்டே கார்லோவை வென்றார். 1983இல் மலைச்சாலைகளில் பனி குறைவாக இருந்தது துணைசெய்தது.

சட்டமும் சங்கிலியும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ அடங்கிய ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. 2016 முதல், அவற்றை மாட்டியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தரவேண்டும். ஜெர்மனியில் நாள் கணக்கு இல்லை. சாலையில் பனி இருந்தால் உரிய டயர் இருந்தாக வேண்டும்.

சங்கிலியைப் பின்சக்கரங்களில் கட்டவேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் பலவற்றில் சங்கிலி நுழையாது. காரின் கையேட்டைப் பார்த்து மெல்லிய சங்கிலியோ துணி உறையோ வாங்கவேண்டும். அடிப்பாக உயரம் 13 செ.மீ. அளவே உள்ள கார் அதைவிட ஆழமான பனியில் இறங்கினால், வயிறு பனிமேல் அமர்ந்து சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும். பனி வாரும் வண்டி போகாத தெருவுக்குள் இத்தகைய காரை எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது.

உப்பும் குளிரும்

சாலையில் தூவும் உப்பு காரின் தகட்டை அரிக்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல், கூரையிலிருந்து வழியும் நீர் இறங்கும் குழாய்கள் அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழுள்ள பக்கச்சட்டத்தின் பின்முனை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குளிர்காலத்துக்கு முன் அவற்றைச் சுத்தம் செய்யவேண்டும். அதே மாதிரியின் பின்புற பிளாஸ்டிக் சன்னல் உறைகுளிரில் விறைத்துவிடும். கூரையை மடித்தால் பிளந்துபோகும். இரண்டாம் தலைமுறையில் அந்த இடத்துக்குக் கண்ணாடி வந்தது. இரவில் ஹேண்ட் பிரேக் ஈரத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், சமதரையில் கியரில் விட்டு நிறுத்துவது வழக்கம். காற்றழுத்தம் வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறையும்போதெல்லாம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நிரப்பவேண்டும்.