படம் ஏன் வரவில்லை?

மாணவர் ஒருவர் தம் அக்காவின் திருமணப் பதிவைக் கொண்டுவந்தார். கணிப்பொறியில் நாதசுர ஒலி கேட்டது, படம் வரவில்லை. "கெட்டுவிட்டது ஐயா, அழித்துவிடலாமா?" என்றார். பொறுங்கள் என்றேன். விடை வரலாற்றில் இருக்கிறது.

720 × 576 புள்ளிகள் கொண்ட படங்களை, புள்ளிக்கு 3 பைட்டு வீதம், விநாடிக்கு 25 என அப்படியே சேமித்தால், ஒரு விநாடிக்குச் சுமார் 31 மெகாபைட்டு ஆகும். 650 மெகாபைட்டுக் குறுந்தகடு 21 விநாடியில் நிரம்பிவிடும்! எனவே சுருக்கியே ஆகவேண்டும்.

இதற்கு வழிகாட்டியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் அமெரிக்காவில் அவர் கேட்ட ஆய்வு நிதி மறுக்கப்பட்டது. எனினும் 1974-இல் நடராஜன், ராவ் ஆகியோருடன் 'கொசைன் உருமாற்றம்' பற்றிய கட்டுரையை வெளியிட்டார். படத்தை அலைகளாகப் பிரித்து, கண் அதிகம் உணராத நுண்ணலைகளைக் கழிக்க இம்முறை உதவுகிறது. 1988-இன் எச்.261, 1993-இன் எம்பெக்-1 ஆகிய தரங்கள் இதன்மீது எழுந்தவையே.

பின்னர்ச் சுருக்கும் முறைகள் பெருகின. 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஏ.வி.ஐ. என்பது ஒரு பெட்டி மட்டுமே. உள்ளிருக்கும் படத்தை விரிக்க அதற்குரிய கோடெக் வேண்டும். ஒலிக்குரிய கோடெக் தனி. ஆகவே ஒன்று கேட்டு மற்றொன்று தெரியாமற் போகலாம். கோப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை.

பிரான்சு நாட்டு மாணவர்கள் 1996-இல் தொடங்கிய பணியின் பயனாக 2001-இல் பொதுவுடைமையான வி.எல்.சி., பல கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்டது. அதில் ஓட்டினோம். மணமக்கள் தெரிந்தார்கள்!

அழிக்குமுன் இப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.